மலையில் இரவு தங்க மடக்கு நாற்காலி: அப்பா உட்கார்ந்துவிடுவார், எழுவதுதான் பாடு

போளூர் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் தெரிந்த ஒருவருடைய பட்டா நிலம், சாமை அறுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. கூடாரம் இரண்டு, பாய், கம்பளி, சின்ன அடுப்பு எல்லாம் சேர்த்தாயிற்று. நாற்காலியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு 69 வயது. 32 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். நின்று நின்றே இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன, வலது மூட்டு ரொம்ப மோசம். தரையில் உட்காரும் பேச்சே இல்லை. ஆனால் வானம் பார்க்க ஆசை. பஞ்சாங்கத்து 27 நட்சத்திரங்களையும் பாதம் வாரியாக ஒப்பிப்பார். வானத்தில் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் தெரியாது. காவலூர் வானாய்வகத்தை அந்த மலையில் கட்டியதே அங்கே இருட்டு நன்றாக இருப்பதால்தான் என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து "எப்போ போறோம்?" என்பதே கேள்வி.

ஐப்பசியில் இணையத்தில் பார்த்து ஒரு நாற்காலி வாங்கினேன். எடை ஒரு கிலோ. பையில் போட்டால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுதான். 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது. மொட்டை மாடியில் விரித்து அப்பாவை உட்கார வைத்தோம். "தொட்டில் மாதிரி இருக்கே" என்று சந்தோஷமாகச் சாய்ந்தார். அரை மணி நேரம் கழித்து எழ முயன்றார், முடியவில்லை. நான் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். அவர் எழுந்தார், நாற்காலியும் முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. எல்லோரும் சிரித்தோம், அவரும்தான் சிரித்தார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது மெதுவாக, "நான் வரலைம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு கிலோ நாற்காலியை அன்றைக்கே பரண்மேல் போட்டுவிட்டேன்.

சின்னக் கார், நான்கு பேர், பின்னால் சாமான் வைக்க இடம் கொஞ்சம்தான். கார் நிற்கும் இடத்திலிருந்து வரப்பில் 400 மீட்டர் நடக்க வேண்டும், நாற்காலியைத் தூக்கப்போவது நான். அப்பா 78 கிலோ, ஐந்தடி ஏழு அங்குலம். 4,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எந்த மாதிரி, என்ன உயரம், என்ன துணி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கோவை ரெண்டுசக்கரம்:

அக்கா, பரணில் போட்ட நாற்காலியைப் பாவம் பார்த்து எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள்! அது நல்ல ஜாதிதான், ஆள்தான் மாறிவிட்டது. கொரியாவின் ஹெலினாக்ஸ் நிறுவனம் 'சேர் ஒன்' என்று ஒன்றைக் கொண்டுவந்து இந்த மாதிரியைப் பிரபலமாக்கியது. கூடாரக் கம்பிபோல உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் முடிச்சு, மேலே துணி. இப்போது கிடைக்கும் ஒரு கிலோ நாற்காலிகளில் பாதிக்குமேல் அதைப் பார்த்துச் செய்தவை. எடையைக் குறைக்கக் குழாயின் நீளத்தைக் குறைத்தார்கள், அதனால் உட்காரும் உயரமும் போயிற்று. சேர் ஒன் சுமார் 34 சென்டிமீட்டர். அதிலும் லேசான 'சேர் ஜீரோ' அரை கிலோதான், அதன் உயரம் 28-ஐ ஒட்டி. அது கிட்டத்தட்ட மணைப்பலகை.

எனக்கு 27 வயது, பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு போக அதைவிட நல்லது இல்லை. அப்பாவுக்கு வேண்டாம். டிக்கியில் இடம் இருந்தால் குடை மாதிரி மடங்கும், கை வைத்த நாற்காலி வாங்குங்கள். 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும், கோப்பை வைக்க ஓட்டை கூட இருக்கும்.


சங்ககிரி தார்ப்பாய்க்கடை:

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. பின்பாதியில் எனக்கு வழக்கு இருக்கிறது.

தங்கச்சி, நான் 31 வருஷமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறவன். எங்கள் ஊரே லாரி ஊர். நடுநடுவே கூடாரம், பை, நாற்காலித் துணி என்று பிய்ந்தது எல்லாம் என் மெஷினுக்கு வரும். கடைக்காரர் புதுசாக விரிந்த நாற்காலியைப் பார்க்கிறார், நான் கிழிந்ததை மட்டும் பார்க்கிறேன். அதனால் என் பேச்சு கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி வாங்கும்போது எல்லோரும் எடையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். துணி எதில் தொங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தம்பி சொன்ன குடை மடிப்பு நாற்காலியில் துணி நாலு மூலையில் மட்டும் தொங்குகிறது. முதல் நாள் முறம் மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் கூடை ஆகிவிடும். நடு இறங்க இறங்க, முன் ஓரம் தொடைக்கு அடியில் கயிறுபோல அறுக்கும். கால் மரத்துப்போகும். உயரம் 42 என்று அட்டையில் போட்டிருப்பான், ஆள் உட்கார்ந்த பிறகு அளந்தால் 36, 37-தான் வரும். அப்புறம் அந்தக் கைப்பிடி. அதுவும் துணிதான். எழ நினைத்து ஊன்றினால் அதுவும் கூடவே தொய்யும். மூட்டு வலிக்காரருக்கு அதில் எழுவதும் கிணற்றில் கயிறு இல்லாமல் ஏறுவதும் ஒன்று.

நீங்கள் பார்க்க வேண்டியது படப்பிடிப்பில் டைரக்டர் உட்காருவாரே, அந்த மாதிரி. இரண்டு பக்கமும் கெட்டியான சட்டம், துணி அந்தச் சட்டங்களுக்கு நடுவே நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். முன்னாலும் பின்னாலும் கால்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போகும். ஆள் உட்கார்ந்தால் சட்டம் உள்ளே இழுபடப் பார்க்கும், குறுக்குக் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். துணி முழு அகலத்துக்குப் பாரம் வாங்குவதால் குழி விழுவது குறைவு. தொடைக்கு அடியில் குறுக்குக் கம்பி கிடையாது. கைப்பிடி மரம் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக், ஊன்றினால் ஊன்றியபடி நிற்கும். துணி தொய்ந்துவிட்டாலும் உங்கள் ஊர்த் தையல்காரரே கழற்றி ஓரத்தை இன்னொரு மடிப்பு மடித்து அரை மணி நேரத்தில் இறுக்கிக் கொடுத்துவிடுவார். குடை நாற்காலியில் அப்படி முடியாது.

குறை இல்லாமல் இல்லை. தட்டையாக மடங்கும், சுருண்டு பைக்குள் போகாது. அலுமினியம் என்றால் மூன்றரை கிலோ பக்கம் வரும், இரும்பு என்றால் ஐந்து. காரில் முன் சீட்டுக்குப் பின்னால் செருகிவிடலாம்.

துணிக்கு வருகிறேன். '600 டெனியர் பாலியெஸ்டர்' என்று பெருமையாக எழுதியிருப்பான். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். நூல் எவ்வளவு தடி என்று அது சொல்லும், எவ்வளவு நெருக்கமாக நெய்தான் என்று சொல்லாது. ஒரே 600-ல் கோணிப்பை மாதிரியும் உண்டு, தோல் மாதிரியும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தால் வைத்துவிடுங்கள். கட்டை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நூல் விலகி வழி விட்டால் அதுவும் வேண்டாம். 

ஆனால் ஒன்று சொல்கிறேன், என் மெஷினுக்கு வந்த நாற்காலிகளில் துணி கிழிந்து வந்தது குறைவு. தையல் விட்டு வந்ததுதான் அதிகம். பாரம் விழும் மூலையில் ஒரே ஒரு வரித் தையல் போட்டிருந்தால், ஒரு கண் விட்டதும் ஜிப் மாதிரி மொத்தமும் ஓடிவிடும். அந்த இடத்தில் முன்னும் பின்னும் நெருக்கி அடித்த கட்டித் தையல் இருக்க வேண்டும். ஜீன்ஸ் பேன்ட்டில் பெல்ட் கொக்கி தைத்திருக்குமே, அது மாதிரி. ஓரம் இரண்டு மடிப்பு மடித்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ரொம்ப நெருக்கமாக ஊசி குத்தியிருந்தாலும் ஆபத்து. தபால் தலை கிழிவது போல அந்த வரியிலேயே கிழியும்.

150 கிலோ தாங்கும் என்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். சமதளத்தில் மெதுவாக உட்காரும் ஆளுக்கான கணக்கு அது. மூட்டு வலிக்காரர் கடைசி அரை அடியில் பிடி விட்டுத் தொப்பென்று விழுவார். அந்த நேரம் நாற்காலி வாங்கும் அடி அவர் எடையைவிட அதிகம். 78 கிலோ ஆளுக்கு 120-க்குக் குறைந்து பார்க்க வேண்டாம். 

உயரத்துக்கு யாரையும் கேட்காதீர்கள், வீட்டில் டேப் எடுங்கள். அப்பாவைச் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளங்கள். வாங்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்த பிறகு இருக்கை அந்த அளவில் இருக்கலாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட இருக்கலாம், குறையக்கூடாது. அளந்து சொல்லுங்கள்.


போளூர் டீச்சர்:

அண்ணா, அளந்தேன். 43 சென்டிமீட்டர். பரணில் இருக்கும் நாற்காலியையும் இறக்கி, அப்பா உட்கார வேண்டாம் என்று நானே உட்கார்ந்து வீட்டுக்காரரை அளக்கச் சொன்னேன். 29! அட்டையில் 33 என்று இருக்கிறது. வீட்டில் அப்பா தினமும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி 44.

அப்பா கேட்கிறார்: "பந்தல்காரன்கிட்ட ரெண்டு இரும்பு மடக்குச் சேர் வாடகைக்கு எடுத்தா முடிஞ்சு போச்சு, இதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?"


சங்ககிரி தார்ப்பாய்க்கடை:

அப்பா விவரமானவர். அந்த இரும்புச் சேர் உயரம் சரியாகத்தான் இருக்கும், எழுவதும் சுலபம். ஆனால் அது பந்தியில் இலை எடுக்கும் வரைக்கான நாற்காலி. மார்கழிக் குளிரில் தகடு ஐஸ்கட்டி ஆகிவிடும், பத்து நிமிஷத்தில் முதுகும் பேச ஆரம்பிக்கும். இருட்டில் மடக்கும்போது விரல் நசுங்கினால் 27 நட்சத்திரமும் அங்கேயே தெரியும்.


மதுரை பிசியோ:

தையல்கார அண்ணன் சொன்ன உயரக் கணக்கு என் தொழிலுக்கும் சரியாகவே இருக்கிறது. இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விட்டால் எழும்போது மூட்டில் விழும் பாரம் ரொம்பக் கூடிவிடும். ஆரோக்கியமான ஆள் தொடைத் தசையால் சமாளிப்பார், தேய்ந்த மூட்டுக்காரரால் முடியாது.

கடைக்கு அப்பாவையும் கூட்டிப்போங்கள். உட்கார்ந்து பார்த்தால் போதாது, ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எழுவதற்கு முன் பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். சில நாற்காலிகளில் முன்னால் கணுக்கால் உயரத்தில் ஒரு கம்பி குறுக்கே போகும், பாதம் அதில் இடிக்கும். அப்படியென்றால் அது இவருக்கு ஆகாது. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் கைப்பிடியின் முன்பக்கத்தை அழுத்தி எழச் சொல்லுங்கள். அப்படி அழுத்தும்போது நாற்காலியின் பின்கால் தூக்கினால் வாங்காதீர்கள்.

மலையில் முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்க வையுங்கள். குளிரில் ஒரே இடத்தில் இருந்தால் மூட்டு இறுகிவிடும்.


பழைய சாப்பர், திருச்சி:

இந்தப் பேச்சைப் படித்ததும் ரூர்க்கி நாற்காலி ஞாபகம் வந்தது. ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தவன் நான், எங்களைச் சாப்பர் என்பார்கள். வடக்கே உத்தராகண்டில் இருக்கும் ரூர்க்கி என்ற ஊரில் வங்காள சாப்பர் படையின் தலைமையிடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1800-களின் கடைசியில், அந்த ஊர்ப் பெயரில் அதிகாரிகளுக்கென்று ஒரு நாற்காலி செய்தார்கள். நாலு கால், நாலு குறுக்குச் சட்டம், கித்தான் துணி, தோல் வார். ஆணி கிடையாது, பசை கிடையாது. சட்டத்தின் கூம்பு முனையைக் காலின் துளையில் செருகினால் முடிந்தது. பிரித்துக் கட்டினால் ஒரு விறகுக் கட்டு மாதிரி கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூட்டுகள் இறுகலாக இல்லாததால் ஒவ்வொரு காலும் கொஞ்சம் தனியாகத் திரும்பும். கல்லும் பள்ளமுமான இடத்தில் வைத்து ஆள் உட்கார்ந்தால் நாலு காலும் தானாகத் தரையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். முதுகுப் பகுதியும் ஆள் சாய்வதற்கு ஏற்பச் சாயும். டென்மார்க்கில் கோரே கிளின்ட் என்பவர் 1933-ல் செய்த சஃபாரி நாற்காலிக்கு மூலம் இதுதான். அதை இன்று டிசைன் என்று கொண்டாடுகிறார்கள், ரூர்க்கியைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

டீச்சரம்மாவுக்கு இதனால் என்ன பயன் என்றால், சாமை அறுத்த நிலம் சமமாக இருக்காது. நாலு கால் நாற்காலி எதுவாக இருந்தாலும் வைக்கும் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே மண்வெட்டியால் சமன் செய்து வையுங்கள். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை அது.


கோவை ரெண்டுசக்கரம்:

அண்ணன்களும் அக்காவும் சேர்ந்து என் குடை நாற்காலியைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கழுத்தைப் பற்றிப் பேசவில்லையே! டைரக்டர் நாற்காலியின் முதுகு தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும். அதில் உட்கார்ந்து உச்சி வானத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு மூட்டு வலி போய்க் கழுத்து வலி வரும். நானும் நண்பர்களும் வானம் பார்க்கப் போகும்போது படுத்துக்கொள்ளும் சாய்வு நாற்காலி ஒன்று கொண்டுபோவோம். அது எட்டு கிலோவுக்குக் குறையாது, 400 மீட்டர் வரப்பில் உங்களால் ஆகாது.

அதற்குப் பதில் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழி அமாவாசை சமயம் இரவு ஏழரை மணிக்கு நாற்காலியைக் கிழக்கே பார்த்துப் போடுங்கள். மேலிருந்து கீழாக கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று பஞ்சாங்க வரிசையிலேயே நிற்கும். ரோகிணி பாதி வானத்துக்குச் சற்று மேலே, திருவாதிரை அடிவானத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். சும்மா நிமிர்ந்து பார்த்தாலே போதும். ஒன்பது மணி தாண்டினால் கார்த்திகை உச்சிக்குப் போய்விடும், அப்புறம் கழுத்துக்கு வேலைதான்.


சங்ககிரி தார்ப்பாய்க்கடை:

தம்பி, இதற்கு ஒரு கும்பிடு.

கழுத்துக்காக யாராவது முன்காலுக்கு அடியில் கல்லைக் கொடுத்து நாற்காலியைப் பின்னால் சாய்க்கச் சொன்னால் கேட்காதீர்கள் தங்கச்சி. குறுக்குக் கால் நாற்காலியைச் சாய்த்து வைத்தால் பாரம் முழுக்கப் பின்பக்க ரிவெட்டுகளில் போய் நிற்கும். ரிவெட் துளை நீள ஆரம்பித்தால் அப்புறம் நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும். வாங்கும்போதே ரிவெட் தலைக்கு அடியில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் இணைப்பை லேசாக வளைத்துப் பாருங்கள், வெள்ளையாகக் கீற்று விழுந்தால் மட்டமான சரக்கு.

முதுகில் வலைத்துணி வைத்தது வேண்டாம். கடற்கரைக்கு அது நல்லது, மலைக் காற்றுக்கு ஆகாது. இருக்கைக்கு அடியிலிருந்தும் குளிர் ஏறும், கம்பளியை நாலாக மடித்துப் போடுங்கள். போட்டால் உயரமும் ஒரு விரற்கடை கூடும், மூட்டுக்கு நல்லது.

உழுத மண்ணில் கால் இறங்கும். நாலு கொட்டாங்குச்சி எடுத்துப்போங்கள். கிண்ணம்போல நிமிர்த்தி மண்ணில் அழுத்திப் பதித்து, உள்ளே கொஞ்சம் மண் போட்டு, அதில் காலை வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் ரப்பர் குமிழைவிட நன்றாக நிற்கும். பாறையில் மட்டும் வேண்டாம், உருளும்.

அந்த நிலத்துக்காரர் நெருப்பு மூட்டலாம் என்று சொன்னாலும் பாலியெஸ்டர் துணியை நெருப்பிலிருந்து பத்தடி தள்ளியே வையுங்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், எரியாது, உருகி ஓட்டை விழும். ஓட்டையிலிருந்து கிழிசல் ஆரம்பிக்கும்.


போளூர் டீச்சர்:

போய் வந்தாயிற்று. சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

முதலில் நாற்காலி. வேலூரில் இரண்டு கடை ஏறினோம். முதல் கடையில் அப்பா ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அந்தப் பையன், "சார், யோகா கத்துக்கிறீங்களா?" என்றான். அங்கே இருந்தது இரும்பு, கைப்பிடி வழவழ பிளாஸ்டிக், ஊன்றினால் கை வழுக்கியது. இரண்டாவது கடையில் அலுமினியச் சட்டம், கைப்பிடியில் மரம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், நகத்தால் தேய்த்தேன், ஓரத்தைப் புரட்டிக் கட்டித் தையல் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருப்பார். முதல் நாற்காலியில் ஒரு மூலையில் தையல் ஒற்றை வரிதான் இருந்தது, அதே மாதிரியில் வேறு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். அதில் சரியாக இருந்தது. ஆக ஒரே கம்பெனி, ஒரே மாதிரி என்றாலும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்போல. சும்மா இருக்கும்போது இருக்கை 47, அப்பா உட்கார்ந்த பிறகு 44. எடை கடையிலேயே போட்டோம், 3 கிலோ 400. விலை 3,200. 

தூக்க வசதியாக இங்கே பேருந்து நிலையம் பக்கத்துப் பை தைக்கும் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு தோள் வார் போட்டு வாங்கினேன். 400 மீட்டரில் ஒரு தடவை தோள் மாற்றினேன், அவ்வளவுதான். அப்பா தன் கைத்தடியோடு முன்னால் நடந்தார், நடத்துநர் மாதிரியே "மெதுவா, மெதுவா, வழி விடுங்க" என்று எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

நான்கரை மணிக்கே போய் இடத்தை மண்வெட்டியால் சமன் செய்தோம். கொட்டாங்குச்சி மூன்றுதான் எடுத்துப் போயிருந்தேன். எண்ணி எடுத்துவைத்ததில் ஒன்றைத் தம்பி மகன் விளையாட எடுத்துவிட்டான். நான்காவது காலுக்கு ஒரு தட்டைக் கல் வைத்தோம், அந்தக் கால்தான் ராத்திரி முழுக்க லேசாக ஆடியது. நிலத்துக்காரர் வீட்டு அம்மா எங்கள் கொட்டாங்குச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சூடாகச் சாமைச் சோறு கொடுத்தார்.

ஏழரைக்குக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று விட்டுவிட்டோம். நான் கார்த்திகையைக் காட்டினேன். "ஆறுன்னு சொல்வாங்க, எனக்கு ஒரு கொத்தாத்தான் தெரியுது" என்றார். ரோகிணியைக் காட்டினேன், செம்மண் நிறத்தில் இருப்பதை அவரே சொன்னார். மிருகசீரிடம் மங்கல்தான், கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குக் கீழே திருவாதிரை. அதைக் காட்டியதும் கைப்பிடியை ஊன்றி, யாரும் கை கொடுக்காமல், எழுந்து நின்றுவிட்டார். எனக்குப் பதறிவிட்டது, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அறுபது வருஷமா மார்கழித் திருவாதிரைக்குக் களி தின்னுருக்கேன். திருவாதிரையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

ஆருத்ரா தரிசனத்தன்று பௌர்ணமி நிலா அதன் பக்கத்திலேயே நிற்பதால் நட்சத்திரம் மங்கிவிடும் என்று சொன்னேன். "அப்போ சாமி பார்க்கிற அன்னைக்கு நட்சத்திரம் தெரியாது, நட்சத்திரம் தெரியிற அன்னைக்குக் களி கிடையாது. நல்ல ஏற்பாடு" என்று உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார், நடுவில் மூன்று தடவை எழுந்து நடந்தார். மூன்று தடவையும் தானாகவே எழுந்தார். கழுத்துக்கு அம்மாவின் சால்வையைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. அது ஒன்றுதான் குறை. சங்ககிரி அண்ணா, முதுகுத் துணிக்கு மேலே தலை சாய்க்க ஏதாவது தைக்க முடியுமா? காலையில் பார்த்தால் நாற்காலி பனியில் குளித்தது மாதிரி இருந்தது, பிழிந்தால் தண்ணீர் வந்திருக்கும். துடைத்து மடித்து அப்படியே காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.


சங்ககிரி தார்ப்பாய்க்கடை:

தங்கச்சி, முதலில் நாற்காலியை விரித்து நிழலில் காயப் போடுங்கள், இதைப் படித்த உடனே. துணி மேலே காய்ந்த மாதிரி தெரியும், சட்டத்தைச் சுற்றி மடித்துத் தைத்த இடத்துக்குள் ஈரம் நிற்கும். மடித்து மூலையில் வைத்தால் பத்து நாளில் கறுப்புப் புள்ளி விழும், அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. வெயிலில் போட வேண்டாம், இரண்டு நாள் நிழலே போதும்.

தலை சாய்க்க நாற்காலியில் எதையும் தைக்க வேண்டாம். முதுகுக் கம்பி அவ்வளவு உயரத்தில் பாரம் வாங்கச் செய்தது இல்லை, தலையைச் சாய்த்தால் அங்கேதான் முதலில் வளையும். பேருந்தில் தூங்குகிறவர்கள் கழுத்தைச் சுற்றி மாட்டுவார்களே குதிரை லாடம் மாதிரி ஒரு தலையணை, அதை மாட்டிவிடுங்கள். நடத்துநர் ஐயாவுக்குத் தெரியாததா? பஞ்சு வைத்தது வாங்குங்கள், காற்று அடைத்தது குளிரில் தொய்ந்துபோகும்.

அந்த ஆடிய நாலாவது காலின் ரிவெட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.